பணத்துறைச் சங்கங்களும் நமது ஜில்லாக்களும்

பணம் கொடுக்கல் வாங்கல் தொழிலை நடத்தும் கம்பெனிகள் மும்பையிலும் டில்லியிலும் தங்களுக்கென்று சங்கங்கள் அமைத்துக்கொண்டிருக்கின்றன. இச்சங்கங்களின் பெயரைக்கூடப் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாவாசிகளில் மிகச் சிலரே கேட்டிருப்பார்கள். ஆயினும், செட்டிகுளத்து வெங்காய வியாபாரி தம் கடையில் ஒட்டிவைத்திருக்கும் க்யூ.ஆர். அட்டைக்கு நாளைக்குக் கட்டணம் உண்டா இல்லையா என்பதும், ஆண்டிமடத்து முந்திரிக் கொல்லையில் கூலி வேலை செய்யும் ஸ்திரீ எத்தனை கம்பெனிகளிடம் கடன் வாங்கலாம் என்பதும், இச்சங்கங்கள் எடுத்துச் சொல்லும் அபிப்பிராயத்தையும் அவை வகுக்கும் விதிகளையும் பெருமளவு சார்ந்து நிற்கின்றன. நம்மைப் பற்றிய விஷயம் நாம் இல்லாத சபையில் பேசப்படுமானால், அதைக் கவனியாதிருப்பது விவேகமாகாது. ஆகையால் இதைக் குறித்து இன்று நேயர்களுக்குச் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு தொழிலைச் செய்வோர் சங்கமாகச் சேருவதை நாம் குற்றம் என்று கூறவில்லை. சங்கமாகச் சேராதவனுடைய சொல் அம்பலம் ஏறாது என்பதை நமது மாகாணத்தின் சரித்திரமே காட்டுகிறது. சென்னையில் ஐரோப்பிய வர்த்தகர்கள் 1836-ஆம் வருஷத்திலேயே தங்களுக்கு ஒரு வர்த்தக சபையை ஏற்படுத்திக்கொண்டார்கள். தென்னிந்திய வியாபாரிகள் தங்கள் வர்த்தக சபையைப் பிட்டி தியாகராய செட்டியாரைத் தலைவராகக் கொண்டு ஸ்தாபித்தது 1909-ஆம் வருஷத்திலேதான். இடையில் கழிந்த 73 வருஷ காலத்தில், சர்க்காரின் செவிக்கு அருகே நின்று பேசியவர் யார், தூரத்தில் நின்றவர் யார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த எண்ணிறந்த குடும்பங்கள் தவித்து நின்றன. அப்பொழுது வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் புலம்பிக்கொண்டிராமல், நம்மவர்களே நடத்தும் பாங்கு வேண்டுமென்று முயன்று, 1907-ஆம் வருஷத்தில் இந்தியன் பாங்கை நிறுவினார்கள். அதற்குச் சற்று முன்னரே, 1904-ஆம் வருஷத்தில், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்து, கடன் வாங்குவோரே தங்களுக்குள் சேர்ந்து கடன் கொடுத்துக்கொள்ளும் முறைக்கு வழி திறந்தது. திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கமும் அதே வருஷத்தில்தான் தோன்றிற்று. பணத்தின் விஷயத்தில் பலவீனர்களுக்குப் பலம் சேர்ந்த இடமெல்லாம் சங்கத்தின் மூலமாகவே சேர்ந்தது என்பதே இவற்றிலிருந்து நாம் அறியும் பாடம்.

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். பாங்குகளுக்கு 1946-ஆம் வருஷம் முதல் இந்தியன் பாங்க்ஸ் அஸோஸியேஷன் என்ற சங்கம் உண்டு. அச்சங்கமும் ரிஸர்வ் பாங்கும் சேர்ந்து 2008-ஆம் வருஷத்தில் தோற்றுவித்ததே நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பொரேஷன். இன்று தேநீர்க் கடை வரையில் பரவியிருக்கும் யு.பி.ஐ. முறையை நடத்துவது இந்த ஸ்தாபனமே. பணப் பட்டுவாடாத் தொழிலில் உள்ள கம்பெனிகளுக்குப் பேமெண்ட்ஸ் கவுன்ஸில் ஆப் இந்தியா என்ற சங்கம் இருக்கிறது. சிறு கடன் கம்பெனிகளுக்கு 1999-இல் தோன்றிய ஸாதன் என்ற சங்கமும், 2009-இல் தோன்றிய எம்பின் என்ற சங்கமும் இருக்கின்றன. கைத்தொலைபேசி வழியே கடன் கொடுக்கும் புதுமாதிரிக் கம்பெனிகளின் சங்கம் ஒன்றை ரிஸர்வ் பாங்கு 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அங்கீகரித்தது. நுகர்வோருக்குப் பலம் தருவது என்ற பொருளுள்ள சொல்லை அச்சங்கம் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் அங்கத்தினர்கள் கம்பெனிகளேயன்றி நுகர்வோர் அல்லர்!

இவற்றுள் சில வெறும் வியாபாரச் சங்கங்கள் மட்டுமல்ல. ரிஸர்வ் பாங்கு இவற்றுக்குச் சுயக்கட்டுப்பாட்டு ஸ்தாபனம் என்ற அந்தஸ்தைக் கொடுத்திருக்கிறது. எம்பினுக்கு 2014-ஆம் வருஷத்திலும், ஸாதனுக்கு அடுத்த வருஷத்திலும் இந்த அந்தஸ்து கிடைத்தது. இதன் பொருள் யாதெனில், அங்கத்தினர்களான கம்பெனிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பதும், நடத்தை விதிகளை வகுப்பதும், புகார் கேட்பதும் சங்கத்தின் கடமையாகும் என்பதே. அதாவது, காலையில் கம்பெனிகளுக்காகச் சர்க்காரிடம் வாதாடும் அதே ஸ்தாபனம், மாலையில் அக்கம்பெனிகளின் மீது விசாரணை நடத்தும் ஸ்தானத்தில் அமர்கிறது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கலாகாது என்பது சட்டத்தின் மிகப் பழைய விதி. வக்கீலும் நீதிபதியும் ஒரே நாற்காலியில் அமர்ந்தால் கட்சிக்காரர்களில் எவருக்கு நம்பிக்கை பிறக்கும், எவருக்குப் பிறவாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ரிஸர்வ் பாங்கு இந்த ஆபத்தை உணராமலில்லை. இத்தகைய ஸ்தாபனங்களைக் குறித்து 2024-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அது ஒரு பொதுத் திட்டம் வெளியிட்டது. அதன்படி, நிர்வாக சபையில் மூன்றில் ஒரு பங்கினரும் தலைவரும் அத்தொழிலில் சம்பந்தமில்லாதவர்களாக இருக்கவேண்டும். எந்த ஒரு கம்பெனியும் நூற்றுக்குப் பத்துப் பங்கு அல்லது அதற்கு மேல் கைவசம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஸ்தாபனம் லாபத்துக்காக நடக்கலாகாது. இவை நல்ல விதிகளே. ஆனால் சம்பந்தமில்லாதவர் என்பதற்கும், கடன் வாங்கியவர்களின் பிரதிநிதி என்பதற்கும் வெகு தூரம். சம்பந்தமில்லாதவர் நடுநிலையாக இருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், வாரத் தவணை கட்டமுடியாத வீட்டில் மாலை வேளையில் நடப்பதென்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவருக்கு அச்சபையில் நாற்காலி இல்லை. குறை இங்கேதான் இருக்கிறது.

சுயக்கட்டுப்பாடு தவறியதற்கு அண்டை மாகாணமே அத்தாட்சி. ஆந்திரப் பிரதேசத்தில் சிறு கடன் கம்பெனிகள் ஒன்றன்மேலொன்றாக ஒரே குடும்பத்துக்குக் கடன் கொடுத்துக் கெடுபிடி வசூல் நடத்தியதாகவும், அதனால் சிலர் தற்கொலை செய்துகொண்டதாகவும் செய்திகள் எழுந்து, 2010-ஆம் வருஷம் அக்டோபரில் மாகாண சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்தது. வசூல் அடியோடு நின்று, கம்பெனிகளும் நிலைகுலைந்தன. எம்பின் சங்கம் ஏற்பட்டு அப்பொழுது ஒரு வருஷமே ஆகியிருந்தது. அதன் பின்னர் மாலேகாம் கமிட்டி அமைந்தது. 2011-ஆம் வருஷத்தில் வட்டிக்கு 26 சதவிகிதம் என்று ஒரு வரம்பு வந்தது. அவ்வரம்பு பல விதமாக மாற்றப்பட்டு, 2022-ஆம் வருஷத்தில் வட்டிக்கு உச்சவரம்பே இல்லையென்று ஆயிற்று. கம்பெனியின் நிர்வாக சபையே நியாயமான வட்டியை நிர்ணயித்துக்கொள்ளலாம் என்பது இப்போதைய ஏற்பாடு. இம்மாறுதல்களில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கம்பெனிகளின் சங்கங்கள் தங்கள் வாதங்களைச் சொல்ல வாய்ப்பிருந்தது. கடன்பட்ட ஸ்திரீகளுக்கு அத்தகைய ஒரு வாய் இருந்ததா?

சங்கங்கள் நன்மையே செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2024-ஆம் வருஷத்தில் எம்பின் சங்கம் தன் அங்கத்தினர்களுக்குச் சில கட்டுப்பாடுகளை விதித்தது. ஒருவருக்கு நான்கு கம்பெனிகளுக்கு மேல் கடன் கொடுக்கலாகாது, சிறு கடன் எல்லாம் சேர்ந்து 2 லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது என்றது. அவ்வருஷ முடிவிலேயே அந்த நான்கை மூன்றாகக் குறைக்கத் தீர்மானித்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் வாராக் கடன் பெருகிக் கம்பெனிகளின் கணக்கே ஆட்டம் கண்ட பின்னர்தான் இந்த ஞானம் உதித்தது என்பதையும் மறக்கலாகாது. வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த பின்னர் கரை கட்டுகிறவனைப் பாராட்டலாம். வயலில் நின்றவன் முதலிலேயே கூவியது ஏன் அவன் காதில் விழவில்லை என்றும் கேட்கலாம்.

நமது ஜில்லாக்களின் நிலைமை இவ்விஷயத்தில் தனிக் கவனம் வேண்டுவது. பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர்ப் பகுதிகளில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் வானத்தை நோக்கி விளைகின்றன. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் உண்டென்றாலும், செந்துறை, உடையார்பாளையம், ஆண்டிமடம் வட்டாரங்களில் குடியானவனின் கை நிறைவது முந்திரியும் மானாவாரிப் பயிரும் கைகொடுக்கும் பருவத்தில் மட்டுமே. வருஷத்தில் ஓரிரு முறை வரும்படி காணும் குடும்பத்தின் தலையில் வாரந்தோறும், மாதந்தோறும் தவணை விழுந்தால் என்ன நேரிடும்? ஒரு கம்பெனியின் தவணைக்காக இன்னொரு கம்பெனியிடம் கடன் வாங்க நேரிடும். கடன் பெருகுவது பேராசையினால் அல்ல. பஞ்சாங்கமும் தவணை அட்டையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமையினாலேயே.

இதற்குப் பரிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ரிஸர்வ் பாங்கு 2022-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பிறப்பித்த விதிகளைப் பாருங்கள். வருஷ வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடின்றிக் கொடுப்பதே சிறு கடன். அக்குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதந்தோறும் கட்டுவது அதன் மாத வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது. கடனாளியின் சௌகரியத்துக்குத் தக்கபடி தவணைக் காலத்தை அமைக்கக் கம்பெனி இடம் வைத்திருக்கவேண்டும். கடனை முன்கூட்டித் தீர்த்தால் அபராதம் கேட்கலாகாது. தாமதக் கட்டணம் தவறிய தொகைக்கு மட்டுமே உண்டு. கடனின் முழு விவரமும் கடனாளிக்குப் புரியும் பாஷையில் எழுதிக் கொடுக்கவேண்டும். இருவரும் ஒப்பிய பொது இடத்தில்தான் வசூல் நடக்கவேண்டும். அடுத்தடுத்து இரு முறையாவது அங்கே வராதிருந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வது கூடாது. உற்றார் உறவினரை அவமானப்படுத்துவதும் பெயரை வெளியிடுவதும் கூடாது. இவ்வளவும் ஏட்டில் இருக்கின்றன. இவற்றைக் கிராமத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது யாருடைய கடமை? சுயக்கட்டுப்பாடு என்ற பட்டத்தை ஏற்றுக்கொண்ட சங்கங்களின் கடமையல்லவா?

கம்பெனிகளின் தரப்பில் ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. நாங்கள் இல்லாவிட்டால் ஜனங்கள் கந்து வட்டிக்காரனிடம் போவார்கள், எங்களைக் கெடுபிடி செய்தால் கடன் கிடைப்பதே நின்றுவிடும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை உண்டு. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுக்க 2003-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார் தனிச் சட்டமே செய்யவேண்டியிருந்தது என்றால், அந்நோய் எவ்வளவு ஆழமானது என்று ஊகிக்கலாம். ஆயினும் கள்ளன் ஒருவன் இருக்கிறான் என்பது காவல்காரனுக்கு முறைதவற அனுமதிச் சீட்டாகாது. கடன் வசூலில் பலாத்கார நடவடிக்கைகளைத் தடுக்க நமது சட்டசபை 2025-ஆம் வருஷத்தில் மீண்டும் ஒரு சட்டம் நிறைவேற்றிச் சிறைத் தண்டனையும் விதித்தது. சுயக்கட்டுப்பாடு பூரணமாகப் பலித்திருந்தால் சட்டசபைக்கு அந்த வேலை ஏன் வந்தது? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடாதிருக்கும்படி நாம் எவருக்கும் உபதேசிக்கவில்லை. நாணயம் குடியானவனின் சொத்து. நியாயம் கம்பெனியின் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இனிப் பணப் பட்டுவாடா விஷயம். 2020-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் யு.பி.ஐ. மூலம் வரும் பணத்துக்கு வியாபாரிகளிடம் கமிஷன் வாங்கலாகாது என்று மத்திய சர்க்கார் ஏற்பாடு செய்தது. அதனாலேயே அம்முறை மூலைமுடுக்கெல்லாம் பரவிற்று. 2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாதக் கணக்கு 2,000 கோடித் தடவைகளைத் தாண்டியது. கமிஷன் இல்லாமல் எங்களால் இதை நடத்த முடியாது, சர்க்கார் தரும் மானியம் போதாது என்று பேமெண்ட்ஸ் கவுன்ஸில் 2025-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பிரதம மந்திரிக்கு எழுதியது. பெரிய வியாபாரிகளிடம் 0.3 சதவிகிதம் வாங்க அனுமதிக்கவேண்டும் என்று கேட்டது. கமிஷன் வரப்போகிறது என்ற வதந்தியை ஜூன் மாதத்தில் நிதி இலாகா மறுத்தது. அத்துடன் பிரஸ்தாபம் அடங்கியதாகத் தோன்றினாலும், இத்தகைய கோரிக்கைகள் அடங்கிவிடுவதில்லை.

செலவுக்குக் கூலி கேட்பது நியாயமற்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் பெரிய வியாபாரி என்பவர் யார்? 2017-ஆம் வருஷம் டிஸம்பரில் டெபிட் கார்டுக் கட்டணத்தை நிர்ணயித்தபோது, வருஷ வியாபாரம் 20 லட்சம் ரூபாய் வரையில் உள்ளவரையே ரிஸர்வ் பாங்கு சிறு வியாபாரியாகக் கணக்கிட்டது. நாளொன்றுக்குச் சுமார் 5,500 ரூபாய் விற்பனை நடந்தால் வருஷத்தில் 20 லட்சம் ஆகிவிடும். பெரம்பலூர்ப் பஸ் நிலையத்து மளிகைக் கடைக்கு அது ஒரு பெரிய தொகையா? வெங்காய மண்டிக்கோ அது அரை நாள் வியாபாரம்கூட ஆகாது. அதே அளவுகோல் மீண்டும் கையாளப்படுமானால், மும்பையில் பெரிய என்ற அடைமொழிக்குள் நமது ஊர்ச் சில்லறைக் கடையும் அடங்கிவிடும். 20 லட்சத்துக்கு 0.3 சதவிகிதம் 6,000 ரூபாய். விற்பனையில் காசுக்குக் காசு மிச்சம் பார்க்கும் கடைக்காரருக்கு இது அற்பத் தொகையன்று. சதவிகிதத்தைப் பற்றி வாதாடுமுன் சொல்லின் பொருளைப் பற்றி வாதாடவேண்டும். அவ்வாதத்தை நமக்காக வேறொருவர் செய்யமாட்டார்.

சங்கத்தின் முயற்சி பலிக்கும் என்பதற்குச் சீட்டுத் தொழிலையே உதாரணம் காட்டலாம். 1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டம் சீட்டு நடத்துபவருக்கு 5 சதவிகிதமே கமிஷன் அனுமதித்தது. அத்தொழிலினர் நெடுநாள் விடாது கேட்டு வந்தனர். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் அது 7 சதவிகிதமாயிற்று. கேட்டவர்க்குக் கிடைத்தது, அவ்வளவே. சீட்டுப் போடுகிறவர்களும் சேர்ந்து கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை எவரும் பரீட்சித்துப் பார்க்கவில்லை.

ஆகவே நாம் மூன்று யோசனைகளைக் கூறுகிறோம். முதலாவது, ரிஸர்வ் பாங்கு அங்கீகரித்த ஒவ்வொரு சுயக்கட்டுப்பாட்டு ஸ்தாபனத்தின் நிர்வாக சபையிலும், சம்பந்தமில்லாதவர்களுக்கென ஒதுக்கிய இடங்களில் ஒரு பகுதியைக் கடன் வாங்குவோர், சிறு வியாபாரிகள் ஆகியோரின் பிரதிநிதிகளுக்கே கொடுக்கவேண்டும் என்று விதி திருத்தப்படவேண்டும். இரண்டாவது, இந்த ஸ்தாபனங்கள் ஜில்லாவாரியாக வந்த புகார் எத்தனை, தீர்ந்தது எத்தனை, தண்டிக்கப்பட்ட கம்பெனி எது என்பதைத் தமிழில் அச்சிட்டு வெளியிடவேண்டும். கம்பெனியின் பெயரை மறைத்து மொத்தக் கணக்கு மட்டும் காட்டுவது கணக்கே ஆகாது. மூன்றாவது, கலெக்டர் தலைமையில் கூடும் ஜில்லா பாங்குகள் ஆலோசனைக் கமிட்டிக்குச் சிறு கடன் கம்பெனிகளின் சங்கப் பிரதிநிதிகளையும், அவர்களுக்கு எதிரே மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்புப் பிரதிநிதிகளையும் அழைத்து, அறுவடைப் பருவத்துக்கு ஏற்ற தவணை முறையை இவ்விரு ஜில்லாக்களிலும் முதலில் பரீட்சிக்கவேண்டும். இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. 2022-ஆம் வருஷத்து விதியே போதும்.

ஆனால் யோசனை கூறுவதோடு நமது கடமை தீரவில்லை. தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989-ஆம் வருஷம் தர்மபுரி ஜில்லாவில் ஆரம்பமாகி, இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. வணிகர் சங்கங்கள் கடைத்தெருவுக்குக் கடைத்தெரு இருக்கின்றன. மே மாதம் 5-ஆம் தேதியை வணிகர் தினமாகக் கொண்டாடும் அளவுக்கு அவற்றுக்குப் பலமும் உண்டு. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கோ நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. சங்கம் இல்லை என்பது நமது குறையன்று. உள்ள சங்கங்கள் இவ்விஷயத்தைத் தங்கள் விஷயம் என்று எடுத்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்குப் பார்த்தபின் 2022-ஆம் வருஷத்து விதிகளை ஒருவர் உரக்கப் படிக்க அரைமணி நேரம் போதும். விதி மீறினால் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். 30 நாட்களுக்குள் தக்க பதில் இல்லையேல், ரிஸர்வ் பாங்கின் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கட்டணமின்றி மனுச் செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது படித்தவர்களின் வேலை.

மேடையில் முழங்குவதற்கு ஆயிரம் பேர் முன்வரும் நாட்டில், ஒரு தவணை அட்டையைப் படித்துப் பார்த்துத் தவறு இன்னதென்று சுட்டிக்காட்ட ஒருவர் அகப்படுவது அரிதாக இருக்கிறது. நமது ஜில்லாக்களின் இளம் வக்கீல்களையும் உபாத்தியாயர்களையும் கட்சித் தொண்டர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இதுவே: உங்கள் ஊர்க் குழுக் கூட்டத்துக்கு ஒரு நாள் போங்கள். தவணை அட்டைகளை வாங்கிப் பாருங்கள். வட்டி விகிதம், தாமதக் கட்டணம், வசூல் நடக்கும் இடம், நேரம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். நூறு அட்டைகளின் விவரம் ஒன்றாகச் சேர்ந்தால் அது ஒரு மனு. ஆயிரம் அட்டைகளின் விவரம் சேர்ந்தால் எந்தச் சபையிலும் மறுக்கமுடியாத சாட்சியம். கம்பெனிகளின் சங்கங்கள் புள்ளிவிவரத்தோடு டில்லிக்குப் போகின்றன. பெரம்பலூரும் அரியலூரும் வெறுங்கையோடு புலம்பிக்கொண்டிருக்கலாகாது.